தக்காண மேட்டு நிலத்தின் புதர்க்காடுகள்

ஓரிடத்தில் மனிதர் விதைக்காமலும் நீர் பாய்ச்சாமலும் தாமே கூடி வளரும் செடிகொடிகளின் தொகுதியைத் தாவரச் சமுதாயம் என்று அழைக்கிறோம். ஒரு சமுதாயத்தில் எத்தனை வகைச் செடிகள் உள்ளன என்பதைக் காட்டிலும், அவை எந்த விகிதத்தில், எந்த மண்ணில், எவற்றுக்கு அருகே வளர்கின்றன என்பதே முதன்மையானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைக் கொண்டு இக்கருத்தை விளக்குவது எளிது. ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள வறண்ட மேட்டு நிலத்தைக் கொண்டு விளக்குவது சற்றுக் கடினம். ஏனெனில் அங்கே சமுதாயம் என்று சொல்லத்தக்கது எதுவும் இருப்பதாகவே முதற்பார்வைக்குத் தோன்றுவதில்லை. பாறை, முள், காய்ந்த புல், ஆங்காங்கே வளைந்து குறுகிய ஒரு மரம், இவ்வளவே கண்ணில் படும்.

இத்தோற்றத்தால் விளையும் பிழை ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு நிறுவனம், மத்திய அரசின் நில வளத் துறையுடன் சேர்ந்து, இந்தியத் தரிசு நிலங்களின் வரைபடத் தொகுப்பை 2000ஆம் ஆண்டு முதன்முறையாக வெளியிட்டது. அதில் நாட்டின் தரிசு நிலம் 638.5 லட்சம் ஹெக்டேர் எனக் கணக்கிடப்பட்டிருந்தது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 557.6 லட்சம் ஹெக்டேர், அதாவது நாட்டின் பரப்பில் 16.96 விழுக்காடு. அடர்ந்த புதர் நிலமும், ஐதான புதர் நிலமும், வெறும் பாறைப் பரப்பும் இக்கணக்கில் தரிசின் வகைகளாகவே இடம்பெறுகின்றன. வானிலிருந்து எடுக்கும் படம் பசுமையின் அளவைச் சொல்லும். அப்பசுமை எவ்வகைச் செடிகளால் ஆயது, அது தேய்ந்துபோன காடா அல்லது தன் இயல்பான நிலையிலேயே உள்ள புதர்நிலமா என்பதைத் தரையில் நடப்பவரே சொல்ல வேண்டும். தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தில் மரம் நடவும், கால்வாய் வெட்டவும், கட்டடம் எழுப்பவும் தடை குறைவு. ஆகவே அச்சொல்லை எழுதுமுன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நிலமும் மழையும்

ஹைதராபாத் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அடியிலுள்ள கருங்கல் 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறக்கிவிட்டு இங்கு வருகிறது. ஹைதராபாத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். தெற்கே அனந்தப்பூரில் அது 550 மில்லிமீட்டர் அளவே. இதனைப் பாலை என்று கூற இயலாது. ஆனால் மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் அக்டோபர் வரை பெய்து முடிந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் செடிகள் மண்ணில் சேர்ந்த ஈரத்தைக் கொண்டே வாழ வேண்டும். மே மாதத்தில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம்.

எனவே இந்நாட்டில் செடியின் வாழ்வைத் தீர்மானிப்பது பெய்யும் மழையின் அளவு மட்டுமன்று, அதைத் தாங்கும் மண்ணின் ஆழமும் ஆகும். கருங்கல் சிதைந்து உண்டாகும் செம்மண் மேட்டில் ஒரு சாணும், பள்ளத்தில் ஒரு மீட்டருக்கு மேலும் இருக்கும். ஒரே மழையைப் பெறும் இரண்டு இடங்கள் ஐம்பது அடி தூரத்திற்குள் வெவ்வேறு சமுதாயங்களைத் தாங்கி நிற்பதன் காரணம் இதுவே.

பாறையின் மேலும் அடியிலும்

இதனைக் காண ஹைதராபாத்தின் எந்தக் கருங்கல் குன்றும் போதும். நகரின் நடுவேயுள்ள காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்காவிலும் இதைக் காணலாம். பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்ல அது ஏற்ற இடம்.

பாறையின் திறந்த முகத்தில் கற்பாசிகள் மட்டுமே உண்டு. சிறிதளவு மணல் தங்கிய குழிவுகளில் பாசிகளும் செலாஜினெல்லா இனச் செடிகளும் படர்கின்றன. கோடையில் இவை சுருண்டு பழுப்பு நிறமாகிச் செத்தவை போல் கிடக்கும். முதல் மழை பெய்த சில மணி நேரத்தில் விரிந்து பசுமையாகும். ஆசிரியர்கள் ஒரு பிடி எடுத்துவந்து, கிண்ணத்து நீரில் இட்டு, வகுப்பு முடிவதற்குள் இம்மாற்றத்தைக் காட்டலாம். இதைவிட எளிதான செய்முறைப் பாடம் வேறில்லை. மழைக்காலத்தில் பாறைக்குழிகளில் தேங்கும் நீரில் சில வாரங்களே வாழும் நுண்ணிய நீர்ச்செடிகள் தோன்றி, விதையிட்டு மறைகின்றன. அக்டோபரில் செல்பவர் அவை இருந்ததையே அறியார்.

பாறையின் வெடிப்பில் கதை மாறுகிறது. வெடிப்பு குறுகலாயினும் ஆழமானது. அதனுள் ஈரம் நெடுநாள் தங்கும். கல்லால், கல்லத்தி போன்ற ஆலின இனங்கள் பறவை இட்ட விதையிலிருந்து முளைத்து, வேரைப் பாறையின் மேல் கயிறுபோல் ஓட்டிக் கீழுள்ள மண்ணைத் தேடுகின்றன. சுக்குநாறிப் புல்லின் இனங்களும், விசிறி போன்ற சிறு இலைகளையுடைய பெரணிகளும் இவ்வெடிப்புகளிலேயே வளரும்.

குன்றின் அடிவாரத்தில் திடீரென்று மரங்கள் நெருங்கி நிற்பதைக் காணலாம். காரணத்தைக் கணக்கிட்டே காட்டலாம். நூறு சதுர மீட்டர் பாறைப் பரப்பில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2000 லிட்டர் நீர் சேரும். பாறை அதை உறிஞ்சுவதில்லை. அந்நீர் வழிந்து அடியிலுள்ள 50 சதுர மீட்டர் மண்ணில் பரவினால், அம்மண்ணுக்குத் தன் மழையான 20 மில்லிமீட்டரோடு மேலும் 40 மில்லிமீட்டர் கிடைக்கிறது. ஆவியாவதையும் குழிகளில் தங்குவதையும் கழித்துப் பார்த்தாலும், அடிவாரத்து மரம் சமவெளி மரத்தைவிட இருமடங்கு ஈரத்தைப் பெறுகிறது எனலாம். வெட்பாலை, வேம்பு, உசிலை ஆகியவை அங்கே உயர்ந்து வளர்வது இதனாலேயே. பாறை வெறுமையாக இருப்பதுதான் அடிவாரத்தின் செழிப்புக்குக் காரணம். பாறையை உடைத்தெடுத்த குன்றின் அடியில் அதே மரங்கள் நாளடைவில் மெலிவதன் பொருளும் இதிலிருந்து விளங்கும்.

சரிவில் பெரும்பாலும் சீத்தா மரங்களைக் காண்கிறோம். இது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் காடேறி இயல்பான குடியாகவே ஆகிவிட்டது. மகபூப்நகர்ப் பக்கத்துப் பாலாநகர் என்னும் ஊரின் பெயரால் இதன் சிறந்த வகையொன்று வழங்குகிறது. அயல்நாட்டுச் செடி என்பதால் அதனைச் சமுதாயக் கணக்கிலிருந்து நீக்கிவிடல் ஆகாது. உள்ளதை உள்ளபடி எழுதுவதே களப்பணி.

புதர்க்காடு என்னும் சிக்கல்

குன்றுகளை விட்டு இறங்கிய சமவெளியில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. காரை, களா, இலந்தை, மருக்காரை, வெள்வேல் ஆகிய முட்செடிகளும், அவற்றிடையே ஆவாரையும் விராலியும், அடியில் புற்களும் கொண்ட பரப்பு இது. ஆவாரையைத் தெலுங்கில் தங்கேடு என்பர். தெலங்கானாவின் மாநில மலர் அதுவே. பதுகம்மா விழாவில் பெண்கள் அடுக்கும் மலர்களுள் இது முதன்மையானது. தரிசு எனப்பட்ட நிலத்திலிருந்தே அம்மலர் வருகிறது.

இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியன் 1936ஆம் ஆண்டிலும், பின்னர் அவரும் சேத்தும் 1968ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்கள் இப்பகுதியைத் தென்னிந்திய வறண்ட இலையுதிர் காடு, தென்னிந்திய முட்காடு என இரண்டாகப் பிரித்தன. புதர்நிலங்களின் பெரும்பகுதியை இக்காடுகளின் தாழ்வுற்ற நிலைகளாக அவை எண்ணின. அதாவது, வெட்டும் மேய்ச்சலும் தீயும் இல்லாதிருந்தால் இவ்விடங்களில் உயர்ந்த காடு இருந்திருக்கும் என்பது கருத்து. நாட்டின் புல்வெளிகளை ஆராய்ந்து 1973ஆம் ஆண்டில் தபட்காவும் சங்கரநாராயணனும் வெளியிட்ட நூலும், தீபகற்பத்தின் செஹிமா–டைக்காந்தியம் புல்வகையை ஏறத்தாழ இதே நோக்கில் கண்டது.

இக்கருத்து பாதி உண்மை. விராலியையும் ஆவாரையையும் ஆடு விரும்பித் தின்பதில்லை. ஆகவே மற்றச் செடிகள் அருகி இவ்விரண்டும் மட்டும் மிகுந்திருக்கும் இடத்தில் மேய்ச்சல் கடுமையாக இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஒரே அடியிலிருந்து ஐந்தாறு தண்டுகளாக எழும் உசிலை, முன்பு வெட்டப்பட்டது என்பதன் அடையாளம். செஹிமாப் புல் மறைந்து ஊசிப்புல்லும், அதன் பின் ஓராண்டுப் புற்களும் மேலோங்குவது தேய்வின் படிகளைக் காட்டும்.

ஆனால் மறுபாதியை அண்மைக்கால ஆராய்ச்சி தெளிவாக்கியுள்ளது. வெயிலை விரும்பும் பல்லாண்டுப் புற்களின் தொடர்ந்த பரப்பும், தீயையும் வறட்சியையும் தாங்கும் தடித்த பட்டையுடைய சிதறிய மரங்களும் சேர்ந்த நிலம், அழிந்த காடன்று. அது மரப்புல்வெளி என்னும் தனி வகை. காடு என்று நாம் பெயரிட்டவற்றுள் பல உண்மையில் மரப்புல்வெளிகளே என ஜெயஸ்ரீ ரத்னமும் அவருடன் பணியாற்றியோரும் 2011ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். நிழலில் வாழ மாட்டாத புல்லும் பூண்டும் நிறைந்த சமுதாயம், முன்பு அடர்ந்த நிழலில் இருந்தது என்று எவ்வாறு கொள்வது? அத்தகைய நிலத்தில் குழி தோண்டி நெருக்கமாக மரம் நடுவது சீர்திருத்தமாகாது. ஒன்றை அழித்து மற்றொன்றை வைப்பதேயாகும்.

இதற்கு நம் பகுதியிலேயே பழைய சான்று உண்டு. சீமைக்கருவேல் இந்தியாவுக்கு வந்த வரலாற்றில் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரம் இடம்பெறுகிறது. ஜமைக்காவிலிருந்து பெற்ற விதைகள் 1877ஆம் ஆண்டில் அங்கே ஊன்றப்பட்டன. வறண்ட நிலத்தைப் பயனுள்ளதாக்குவதே நோக்கம். அம்மரம் இன்று தீபகற்பத்தின் ஏரிப் படுகைகளிலும் புல்வெளிகளிலும் பரவி, தன் அடியில் வேறொன்றையும் எளிதில் வளரவிடாமல் நிற்கிறது. விறகு தருகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

அதே கடப்பை மாவட்டத்தின் லங்கமலைப் பகுதியிலிருந்து மறுவகைச் சான்று கிடைக்கிறது. ஜெர்டான் கண்டறிந்து, பிளைத் 1848ஆம் ஆண்டில் விவரித்த ஓர் ஓட்டப்பறவை, 1900ஆம் ஆண்டுக்குப் பின் எவர் கண்ணிலும் படாமல், அற்றுப்போனதாகக் கருதப்பட்டிருந்தது. 1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பரத் பூஷண் அதனை ரெட்டிபள்ளிக்கு அருகே மீண்டும் கண்டார். தெலுங்கில் அதற்குக் கலிவிக்கோடி என்று பெயர். கலிவி என்பது களாச்செடி, கோடி என்பது கோழி. செடியின் பெயரையே பறவையின் பெயர் தாங்கியிருப்பது கவனிக்கத்தக்கது. பின்னர் நடந்த ஆய்வுகளில், இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட பெரும்புதர்கள் ஹெக்டேருக்கு 300 முதல் 700 வரையும், சிறுபுதர்கள் ஆயிரத்துக்குக் குறைவாகவும் உள்ள இடங்களையே இப்பறவை மிகுதியும் நாடுவதாகத் தெரியவந்தது. புதர் வெட்டப்பட்டாலும் அதற்கு இடமில்லை. புதர் அடர்ந்து மூடினாலும் இடமில்லை. அளவான மேய்ச்சல் அந்த இடைநிலையைக் காத்து வந்திருக்கக்கூடும். 2005ஆம் ஆண்டில் தெலுங்கு கங்கைக் கால்வாய் வேலை இப்புதர்நிலத்தின் ஊடே நுழைந்தபோது எதிர்ப்பு எழுந்து, கால்வாயின் வழி மாற்றப்பட்டது. ஐதான புதர் நிலம் என்ற இரு சொற்களுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நகரத்திற்கும் இது பொருந்தும். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலி என்னும் இடத்தில் 400 ஏக்கரில் இருந்த மரமும் புதரும் 2025 மார்ச் இறுதியில் அகற்றப்படத் தொடங்கின. உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 3ஆம் நாள் அதை நிறுத்தியது. தெலுங்கில் கஞ்ச என்பது மேய்ச்சலுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் சொல்லாகும்.

ஆற்றுக் குடைவில்

ஹைதராபாத்திலிருந்து தெற்கே ஸ்ரீசைலம் நோக்கிச் செல்லும் சாலை, செம்மண் சமவெளியைக் கடந்து அம்ராபாத் மேட்டின் மேல் ஏறுகிறது. நல்லமலைத் தொடரின் பகுதியான இம்மேட்டைக் கிருஷ்ணா ஆறு ஆழமாக அறுத்துச் செல்கிறது. இங்குள்ள பாறை கருங்கல் அன்று. கடினமான படிகக்கல்லும் பலகைக்கல்லும் ஆகும். அது படிப்படியாக உடைவதால் குடைவின் சுவர்கள் செங்குத்தாகவும் மேடைகளாகவும் அமைகின்றன.

மேட்டின் மேல் தேக்கு, வெக்காலி, மருத இனங்கள், கல்மூங்கில் ஆகியவற்றாலான இலையுதிர் காடு. மண் மெலிந்த இடங்களில் ஆச்சா மரம் நிற்கும். இரண்டாகப் பிளந்த அதன் சிறிய இலையைக் கொண்டு அதை எளிதில் அடையாளம் காணலாம். பட்டையில் உறுதியான நாருண்டு. விளிம்பை நெருங்க நெருங்க மரங்கள் குறைந்து, பாறை வெளிப்படும் ஓரத்தில் தெலுங்கில் தபசி எனப்படும் வெண்பட்டை மரம் தனித்து நிற்கக் காணலாம். இலையற்ற கோடையில் அது வெள்ளை பூசியதுபோல் ஒளிரும். கராயாப் பிசின் தருவது இதுவே. நல்லமலையின் பழங்குடியினரான செஞ்சு மக்கள் தேனோடு இப்பிசினையும் சேகரிப்பவர்கள். பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் மடியும் என்பதால், பிசின் எடுக்கும் முறையும் சமுதாயத்தின் நிலையை மாற்றும் காரணங்களுள் ஒன்று. கோங்கும் தணக்கும் இதற்குத் துணை. இம்மூன்றும் இலையுதிர்ந்த காலத்தில் மென்மையான தண்டில் நீரைச் சேமித்து வாழ்வன.

சுவரில் எந்தத் திசை நோக்கிய முகம் என்பதைக் குறிக்காத குறிப்பு பயனற்றது. ஆறு கிழக்கு மேற்காக ஓடும் இடங்களில் தெற்கு நோக்கிய சுவர் நாள் முழுதும் வெயில் பெறும். அங்கே சதுரக்கள்ளியும் முட்செடிகளும். எதிர்ச்சுவர் நிழலில் இருப்பதால் அதே உயரத்தில் மரங்களும் கொடிகளும் அதன் மேடைகளில் செறியும். இடையே உள்ள தூரம் சில நூறு மீட்டரே. மழை ஒன்று, பாறை ஒன்று. வெயிலின் கோணம் மட்டுமே வேறு.

குடைவின் அடியில் நீர்மருது, நாவல், புங்கு ஆகிய ஆற்றோர மரங்கள் வளர வேண்டும். நாகார்ஜுனசாகரில் 1967ஆம் ஆண்டிலும், ஸ்ரீசைலத்தில் 1980களிலும் நீர் தேக்கப்பட்டதிலிருந்து அந்த அடிப்பகுதியின் பெரும்பரப்பு தேக்க நீரில் அமிழ்ந்துள்ளது. நீர்மட்டம் ஆண்டுதோறும் பல மீட்டர் ஏறி இறங்குவதால் கரையில் ஒரு வெற்றுப் பட்டை உண்டாகியுள்ளது. அங்கு ஓராண்டுப் பூண்டுகளே முளைக்கின்றன. ஆற்றோரச் சமுதாயத்தின் இயல்பை அறிய விரும்புவோர் பக்கத்து ஓடைகளில் ஏறிப் பார்க்க வேண்டும்.

களத்தில் செய்ய வேண்டுவன

ஆய்வுக்குப் பெருங்கருவிகள் தேவையில்லை. கயிறு, அளவுநாடா, மண்ணின் ஆழம் பார்க்க ஓர் இரும்புக் கம்பி, பழைய செய்தித்தாள், இவை போதும். மரங்களுக்கும் பெரும்புதர்களுக்கும் 20 மீட்டர் பக்கமுள்ள சதுரம் இடுக. அதன் பரப்பு ஹெக்டேரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. எண்ணிய புதர்களை 25 ஆல் பெருக்கினால் ஹெக்டேர்க் கணக்கு கிடைக்கும். சதுரத்தில் 16 பெரும்புதர்கள் இருந்தால் ஹெக்டேருக்கு 400. மேற்சொன்ன பறவை நாடும் அளவுக்குள் அது அடங்குவதை மாணவர்களே கண்டுகொள்வர். புல் பூண்டுகளுக்கு ஒரு மீட்டர்ச் சதுரம் பல இடங்களில் இட வேண்டும். புதிய சதுரத்தில் புதிய இனம் ஏதும் அகப்படாத நிலை வரும்வரை தொடர்தல் நல்லது.

சதுரத்தை அழகான இடம் பார்த்து இடுவது பொதுவாக நேரும் தவறு. கயிற்றை நேராக நீட்டி, முன்கூட்டியே முடிவு செய்த தூரத்தில் இடுவதே முறை. ஒவ்வொரு சதுரத்திற்கும் பாறையின் வகை, சரிவின் திசை, மண்ணின் ஆழம், கறையான் புற்று, வெட்டிய அடிக்கட்டை, தீயின் கரி, ஆட்டுப்புழுக்கை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். செடியின் பெயரைத் தெலுங்கிலும் உருதுவிலும் ஊரார் சொல்லும் உருவிலேயே எழுதிக் கொள்க. புத்தகப் பெயரைப் பின்னர்ச் சேர்க்கலாம். ஒரே பெயர் இரண்டு செடிகளுக்கு வழங்குவது உண்டாதலால், மாதிரி இல்லாத பெயரை நம்புதல் கூடாது. ஐயம் நேர்ந்தால் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஹைதராபாத்திலுள்ள தக்காண மண்டல மையத்திற்கு உலர்த்திய மாதிரியை அனுப்பிக் கேட்கலாம்.

ஒரே இடத்தை ஆண்டில் இருமுறை பார்க்க வேண்டும். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை புற்களும் ஓராண்டுப் பூண்டுகளும் பூக்கும். அப்போது அவற்றை இனம் காண்பது எளிது. பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்த மரங்கள் பூக்கும். கோங்கின் மஞ்சள் மலர்களை அப்போது தொலைவிலிருந்தே காணலாம். டிசம்பருக்குப் பின் செல்வோர் கெட்டியான துணியில் கால்சட்டை அணிவது நலம். ஊசிப்புல்லின் விதைகள் மெல்லிய துணியைத் துளைத்துத் தோலில் தைக்கும். அவ்விதைகளில் சிலவற்றை எடுத்துவந்து ஈரத் துணியில் வைத்தால், அவற்றின் முறுக்கிய வால் அவிழ்ந்து சுழன்று விதையை மண்ணுள் செலுத்தும் விதத்தை மாணவர்கள் கண்ணால் காணலாம்.